ஆங்கிலத்தில் சொல் வகைகளும் ஒப்பீட்டுப் படிகளும்

ஒப்பீட்டுப் படிகள் என்பவை, ஒரு பண்பின் அளவை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கூறுவதற்காக ஆங்கிலப் பெயரடைகளும் வினையடைகளும் ஏற்கும் மூன்று வடிவங்கள் ஆகும். ஆங்கிலத்தில் இவை ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ எனப்படுகின்றன. எல்லாச் சொற்களும் இந்த வடிவங்களை ஏற்பதில்லை. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஏற்கா. பெயரடையும் வினையடையும் மட்டுமே ஏற்கும். ஆகவே ஒப்பீட்டுப் படிகளைக் கற்பதற்கு முன் ஒரு சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிவது தேவையாகிறது.

தமிழ்நாட்டில் பெரும்பாலான மாணவர்கள் இப்பகுதியைத் தேர்வில் வாக்கியங்களை மாற்றி எழுதுவதற்காகப் படிக்கின்றனர். திருப்பூர் போன்ற ஏற்றுமதி நகரங்களில் இது அன்றாட வேலைக்குரிய மொழியும் ஆகும். இக்கட்டுரை பின்னலாடைத் தொழிலின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இவ்விரு இலக்கணப் பகுதிகளையும் விளக்குகிறது.

திருப்பூரும் ஒப்பீட்டு மொழியும்

நொய்யல் ஆற்றின் கரையில் அமைந்த திருப்பூர், பனியன் தொழிலால் பெயர் பெற்ற நகரம். 1970களின் பிற்பகுதியில் இங்கிருந்து பின்னலாடை ஏற்றுமதி வளரத் தொடங்கியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது.

ஏற்றுமதி ஆர்டர் ஒன்று உற்பத்திக்குப் போகும் முன் பல சாம்பிள்கள் தைக்கப்பட்டு வெளிநாட்டு பையருக்கு அனுப்பப்படும். துணியின் நிறத்தை முடிவு செய்ய, சாயம் ஏற்றிய சிறு துணித் துண்டுகள் அனுப்பப்படும். இவற்றை ‘லேப் டிப்’ என்பர். பையர் அவற்றைத் தம்மிடமுள்ள மாதிரியோடு ஒப்பிட்டுக் கருத்து எழுதுவார். கை நீளமாக இருக்கிறது, நிறம் அடர்த்தியாக இருக்கிறது, துணி கனம் குறைவாக இருக்கிறது என அக்கருத்துகளில் பெரும்பாலானவை ஒப்பீட்டு வாக்கியங்களே. இவற்றைப் படித்துச் சாயப்பட்டறைக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் எடுத்துச் சொல்வது மெர்ச்சண்டைசரின் வேலை. ஒரு சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் சாம்பிளை மறுபடி செய்ய வேண்டும், நாட்கள் வீணாகும். கப்பலில் போக வேண்டிய சரக்கு, தாமதத்தை ஈடுகட்ட அதிகச் செலவில் விமானத்தில் போக நேரலாம்.

சொல் வகைகள்

தமிழ் இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கிறது. பள்ளிகளில் கற்பிக்கப்படும் ஆங்கில இலக்கணம் எட்டாகப் பகுக்கிறது. எட்டு என்ற எண்ணிக்கை பண்டைய கிரேக்க, இலத்தீன் இலக்கணங்களிலிருந்து வந்தது. 1795இல் வெளியான லிண்ட்லி மர்ரேயின் ஆங்கில இலக்கணம் ‘ஏ’, ‘தி’ போன்ற சுட்டுகளைத் தனி வகையாக எண்ணி ஒன்பது என்றது. இன்று பாடநூல்களில் பரவலாக உள்ள எட்டு வகைகள் வருமாறு:

1. பெயர்ச்சொல்: யார்ன், ஃபேப்ரிக், டெய்லர், திருப்பூர்.
2. மாற்றுப்பெயர்: இட், தே, ஷி.
3. பெயரடை: சாஃப்ட், ஹெவி, டார்க். பெயர்ச்சொல்லின் தன்மையைக் கூறும்.
4. வினைச்சொல்: நிட், டை, கட், பேக்.
5. வினையடை: நீட்லி, குவிக்லி, வெல். வினை எப்படி நடந்தது என்பதையோ, ஒரு பண்பின் அளவையோ கூறும்.
6. முன்னிடைச்சொல்: இன், ஆன், ஃப்ரம், பை.
7. இணைப்புச்சொல்: அண்ட், பட், பிகாஸ்.
8. வியப்புச்சொல்: ஓ, வாவ்.

ஒரு சொல் அகராதியில் எப்படி உள்ளது என்பதை விட, வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதே அதன் வகையை முடிவு செய்கிறது. ‘சென்ட் தி சாம்பிள்’ என்னும்போது ‘சாம்பிள்’ பெயர்ச்சொல். ‘வி சாம்பிள் எவ்ரி லாட்’ (ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்துப் பார்க்கிறோம்) என்னும்போது அதுவே வினைச்சொல். ‘செக்’ என்பது சோதிக்கும் வேலையையும் குறிக்கும், கட்டம் போட்ட துணி வடிவத்தையும் குறிக்கும். ‘எக்ஸ்போர்ட்’ என்ற சொல்லில் எழுத்து மாறுவதில்லை, ஒலி அழுத்தம் மாறுகிறது. பெயராக வரும்போது முதல் அசையிலும் வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும்.

‘ஃபாஸ்ட்’ என்ற சொல் இன்னும் கவனிக்கத்தக்கது. ‘ஏ ஃபாஸ்ட் மெஷின்’ என்பதில் அது ‘வேகமான’ என்னும் பெயரடை. ‘தி மெஷின் ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்பதில் ‘வேகமாக’ என்னும் வினையடை. ‘ஃபாஸ்ட் கலர்’ என்பதில் வேகத்துக்கே இடமில்லை. துவைத்தாலும் போகாத ‘கெட்டிச் சாயம்’ என்பது அதன் பொருள்.

மூன்று படிகள்

இயல்பு நிலை: ஒப்பீடு இல்லாமல் பண்பை மட்டும் கூறுவது. ‘திஸ் ஃபேப்ரிக் இஸ் ஹெவி’ (இந்தத் துணி கனமானது).

ஒப்பு நிலை: இரண்டை ஒப்பிடுவது. ‘திஸ் ஃபேப்ரிக் இஸ் ஹெவியர் தேன் தட் ஒன்’ (இந்தத் துணி அதை விடக் கனமானது). இங்கு ‘தேன்’ என்பது ‘விட’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்.

உச்ச நிலை: மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் ஒன்றைத் தனித்துக் காட்டுவது. ‘திஸ் இஸ் தி ஹெவியஸ்ட் ஆஃப் தி த்ரீ’ (மூன்றில் இதுவே மிகக் கனமானது). உச்ச நிலைக்கு முன் பெரும்பாலும் ‘தி’ வரும்.

வடிவம் அமையும் முறை

ஓரசைச் சொற்கள் ஒப்பு நிலையில் ‘அர்’ என்றும் உச்ச நிலையில் ‘எஸ்ட்’ என்றும் ஒலிக்கும் விகுதிகளை ஏற்கும்: சாஃப்ட், சாஃப்டர், சாஃப்டஸ்ட், லாங், லாங்கர், லாங்கஸ்ட். ‘தின்’, ‘பிக்’, ‘ரெட்’ போன்ற, குறுகிய உயிரொலியை அடுத்து ஒற்றை மெய்யெழுத்தில் முடியும் சொற்களை எழுதும்போது ஈற்றெழுத்து இரட்டிக்கும். ‘ஹெவி’ போல ‘ஒய்’ எழுத்தில் முடியும் ஈரசைச் சொற்களில் அந்த ‘ஒய்’ எழுத்து ‘ஐ’ எழுத்தாக மாறும்.

நீண்ட சொற்களின் முன் ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்னும் சொற்கள் வரும்: மோர் எக்ஸ்பென்சிவ், மோஸ்ட் எக்ஸ்பென்சிவ். ‘நீட்லி’ போன்ற வினையடைகளுக்கும் இதுவே முறை: ‘ஸ்டிட்ச் இட் மோர் நீட்லி’ (இன்னும் நேர்த்தியாகத் தை). குறைவைக் காட்ட ‘லெஸ்’, ‘லீஸ்ட்’ பயன்படும்.

சில சொற்கள் விதிக்கு உட்படாமல் மாறும்: குட், பெட்டர், பெஸ்ட், பேட், வர்ஸ், வர்ஸ்ட், லிட்டில், லெஸ், லீஸ்ட், மெனி அல்லது மச், மோர், மோஸ்ட். இவற்றை மனப்பாடம் செய்வதே வழி.

‘லேட்’ என்ற சொல்லுக்கு உச்ச நிலையில் இரண்டு வடிவங்கள் உண்டு. ‘லேட்டஸ்ட் சாம்பிள்’ என்றால் இதுவரை வந்தவற்றுள் புதியது. அதன் பின்னும் சாம்பிள் வரலாம். ‘லாஸ்ட் சாம்பிள்’ என்பது வரிசையில் கடைசியாக உள்ளது. அதற்குப் பின் வேறு இல்லை என்ற பொருளையும் தரும்.

‘அர்’ என முடிவதெல்லாம் ஒப்பு நிலை அன்று

பையர், டெய்லர், மெர்ச்சண்டைசர் ஆகிய சொற்களும் ‘அர்’ ஒலியில் முடிகின்றன. இவை ஒரு செயலைச் செய்பவரைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள். சாயம் ஏற்றிய துணியை உலர்த்தும் ‘டிரையர்’ ஒரு பெயர்ச்சொல். ‘அதிகம் உலர்ந்த’ என்னும் பொருள்படும் ‘டிரையர்’ ஒப்பு நிலைப் பெயரடை. இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். அடுத்து ‘தேன்’ வருகிறதா, ஒரு பெயர்ச்சொல்லின் தன்மையைக் கூறுகிறதா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

தமிழ் ஒப்பீடும் ஆங்கில ஒப்பீடும்

தமிழ் மாணவர்கள் இப்பகுதியில் தடுமாறுவதற்கு மொழிகளின் அமைப்பே முக்கியக் காரணம். தமிழில் ஒப்பிடும்போது பண்புச் சொல் வடிவம் மாறுவதில்லை. ‘இது கனமானது’, ‘இது அதை விடக் கனமானது’, ‘இது எல்லாவற்றிலும் கனமானது’ ஆகிய மூன்று வாக்கியங்களிலும் ‘கனமானது’ அப்படியே நிற்கிறது. ஒப்பிடப்படும் பொருளின் பெயரோடு சேரும் ‘ஐ விட’, ‘இலும்’ ஆகியவையே ஒப்பீட்டை உணர்த்துகின்றன. பழந்தமிழில் ஐந்தாம் வேற்றுமை உருபு இந்த வேலையைச் செய்தது. நன்னூல் அவ்வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களைக் கூறுகிறது. திராவிட மொழிகளில் பெயரடைக்கு ஒப்பீட்டு விகுதி இல்லை என்பதை 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கண நூலில் ராபர்ட் கால்டுவெல்லும் எடுத்துக்காட்டினார்.

ஆங்கிலத்தில் ஒப்பீட்டின் அடையாளம் இரண்டு இடங்களில் வர வேண்டும்: பண்புச் சொல்லிலும், அதை அடுத்து வரும் ‘தேன்’ என்ற சொல்லிலும். ‘விட’ என்பதற்கு ஈடாக ‘தேன்’ இருப்பதால், அதை மட்டும் போட்டால் போதும் என்று தமிழ் பேசுவோர் நினைப்பது இயல்பு. ‘திஸ் இஸ் ஹெவி தேன் தட்’ என்னும் பிழை இப்படியே பிறக்கிறது. இதைத் திருத்தப் புகுந்து, இரண்டு அடையாளங்களைப் பண்புச் சொல்லிலேயே வைத்து ‘மோர் ஹெவியர்’ என்று எழுதுவது மற்றொரு பிழை. ‘ஹெவியர் தேன்’ என்பதே சரி.

‘இஸ்’ என்பதும் ‘மேக்’ என்பதும்

நிறத்தைப் பற்றிய கருத்துகளில் லைட்டர், டார்க்கர், ரெட்டர், ப்ளூவர், யெல்லோவர், பிரைட்டர், டல்லர் போன்ற ஒப்பு நிலைச் சொற்கள் இடம்பெறும். இவை பெயரடைகள், தாமாக எதையும் செய்யச் சொல்வதில்லை. எந்த வினைச்சொல்லோடு வருகின்றன என்பதைப் பொறுத்தே அடுத்த வேலை முடிவாகும்.

‘தி லேப் டிப் இஸ் ரெட்டர் தேன் தி ஸ்டாண்டர்ட்’ என்றால், அனுப்பிய துண்டில் மாதிரியை விடச் சிவப்பு கூடுதலாக உள்ளது என்று பொருள். சிவப்பைக் குறைக்க வேண்டும். ‘மேக் இட் ரெட்டர்’ என்றால் இன்னும் சிவப்பாக்கு என்று பொருள். சிவப்பைக் கூட்ட வேண்டும். இரண்டு வாக்கியங்களிலும் ‘ரெட்டர்’ ஒன்றே. செய்ய வேண்டிய வேலை நேர் எதிரானது. முதல் வாக்கியம் நிலையைக் கூறுகிறது, இரண்டாவது கட்டளையிடுகிறது. கருத்துப் பட்டியலில் வினைச்சொல் இல்லாமல் ‘ரெட்டர்’ என்று மட்டும் இருந்தால், சாயப்பட்டறைக்குச் சொல்லும் முன் பையரிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே பாதுகாப்பானது.

‘லைட்டர்’ என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறத்தைப் பற்றிப் பேசும்போது அது ‘வெளிறிய’ என்றும், துணியைப் பற்றிப் பேசும்போது ‘கனம் குறைந்த’ என்றும் பொருள்படும். ‘லைட்டர் ஷேட்’, ‘லைட்டர் ஃபேப்ரிக்’ எனப் பெயர்ச்சொல்லோடு சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. ‘மேக் இட் லைட்டர்’ என்று மட்டும் இருந்தால் ‘இட்’ என்ற மாற்றுப்பெயர் எதைக் குறிக்கிறது என்பதை முந்தைய வாக்கியத்தில் தேட வேண்டும்.

எண்ணும் ஒப்பீடும்

ஒப்பீட்டுச் சொல் கூடுதலைக் காட்டினால் எண்ணும் கூடும் என்று கொள்ளலாகாது.

நூல் கவுண்ட்: பருத்தி நூலின் கவுண்ட் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட கண்டுகள் எத்தனை உள்ளன என்பதன் எண்ணிக்கை. 30ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 25,200 கெஜம் இருக்கும். 40ஆம் நம்பர் நூல் 33,600 கெஜம் இருக்கும். அதே எடையில் அதிக நீளம் கிடைப்பதால் 40ஆம் நம்பர் நூலே மெல்லியது. ‘ஃபைனர் யார்ன்’ என்று பையர் கேட்டால் எண் கூட வேண்டும்; ‘தின்னர்’ என்பதை எண்ணைக் குறைப்பதாகக் கொண்டால் தடித்த நூல் வந்து சேரும்.

டெனியர், டெக்ஸ்: இவை நீளத்தை நிலையாக வைத்து எடையைக் கூறும் அளவுகள். இவற்றில் எண் குறையக் குறைய நூல் மெல்லியதாகும்.

ஜி.எஸ்.எம்.: ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். இதில் சொல்லும் எண்ணும் ஒரே திசையில் செல்லும். 180 ஜி.எஸ்.எம். துணி 160 ஜி.எஸ்.எம். துணியை விட ‘ஹெவியர்’.

சாய உறுதி: துவைக்கும்போது நிறம் மாறுகிறதா என்பதை ‘கிரே ஸ்கேல்’ என்னும் அளவுகோலில் 1 முதல் 5 வரை மதிப்பிடுவர். 5 ‘பெஸ்ட்’, 1 ‘வர்ஸ்ட்’. வகுப்பில் முதலிடம் பெறுவது போல 1 உயர்ந்தது என்று கருதுவது தவறு.

‘நாட் மோர் தேன்’ என்பதன் பொருள்

எதிர்மறையோடு வரும் ஒப்பு நிலை தனிக் கவனம் பெற வேண்டியது. ‘ஏ இஸ் நாட் லாங்கர் தேன் பி’ என்பதிலிருந்து ‘பி’ நீளமானது என்று முடிவு செய்ய முடியாது. இரண்டும் சம நீளமாகவும் இருக்கலாம். ‘தி டிஃபரென்ஸ் ஷுட் நாட் பி மோர் தேன் 1 சென்டிமீட்டர்’ என்றால் வேறுபாடு சரியாக 1 சென்டிமீட்டர் இருந்தாலும் ஏற்கப்படும். ‘லெஸ் தேன் 1 சென்டிமீட்டர்’ என்றால் சரியாக 1 சென்டிமீட்டர் ஏற்கப்படாது. அளவு சோதிக்கும் செக்கிங் பகுதியில் ஒரு பீஸ் தேறுவதும் கழிவதும் இந்த வேறுபாட்டால் முடிவாகலாம்.

எண்ணக்கூடிய பொருள்களின் குறைவைக் காட்ட ‘ஃபியூவர்’, எண்ண முடியாதவற்றுக்கு ‘லெஸ்’ வரும்: ஃபியூவர் பீசஸ், லெஸ் ஃபேப்ரிக்.

படிகளை மாற்றி எழுதுதல்

ஒரே செய்தியை மூன்று படிகளிலும் எழுத முடியும். தேர்வுகளில் கேட்கப்படுவது இதுவே. ஐந்து லாட் துணியில் மூன்றாவது லாட் மிக அடர்ந்த நிறமுடையது எனக் கொள்வோம்.

உச்ச நிலை: ‘லாட் த்ரீ இஸ் தி டார்க்கஸ்ட் ஆஃப் ஆல் தி லாட்ஸ்.’
ஒப்பு நிலை: ‘லாட் த்ரீ இஸ் டார்க்கர் தேன் எனி அதர் லாட்.’
இயல்பு நிலை: ‘நோ அதர் லாட் இஸ் ஆஸ் டார்க் ஆஸ் லாட் த்ரீ.’

ஒப்பு நிலை வாக்கியத்தில் ‘அதர்’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. மூன்றாவது லாட்டும் அந்த ஐந்தில் ஒன்று. ‘எனி லாட்’ என்று எழுதினால் அது தன்னை விடவும் அடர்ந்தது என்றாகிவிடும்.

‘ஒன் ஆஃப் தி சாஃப்டஸ்ட் ஃபேப்ரிக்ஸ்’ (மிக மென்மையான துணிகளுள் ஒன்று) என்பதை மாற்றும்போது ஒப்பு நிலையில் ‘சாஃப்டர் தேன் மோஸ்ட் அதர் ஃபேப்ரிக்ஸ்’ என்றும், இயல்பு நிலையில் ‘வெரி ஃபியூ ஃபேப்ரிக்ஸ் ஆர் ஆஸ் சாஃப்ட் ஆஸ் திஸ்’ என்றும் வரும். இங்கு ‘எனி அதர்’ போட்டால், பலவற்றுள் ஒன்றாக இருந்தது எல்லாவற்றிலும் முதன்மையானதாக மாறிவிடும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

• ‘மோர் பெட்டர்’ என்பது தவறு. ‘பெட்டர்’ அல்லது ‘மச் பெட்டர்’ என்பது சரி. ஒப்பு நிலையை வலியுறுத்த ‘மச்’ பயன்படும், ‘வெரி’ பயன்படாது.
• ‘ஹி ஸ்டிட்சஸ் குட்’ என்பது தவறு. தைத்தல் வினை என்பதால் வினையடை வேண்டும்: ‘ஹி ஸ்டிட்சஸ் வெல்’.
• ‘ஹார்ட்லி’ என்பது ‘ஹார்ட்’ என்பதன் வினையடை எனப் பலர் கருதுகின்றனர். ‘ஷி வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடினமாக உழைக்கிறார். ‘ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் அநேகமாக வேலையே செய்வதில்லை.
• ‘தி கலர் ஆஃப் திஸ் லாட் இஸ் டார்க்கர் தேன் தி சாம்பிள்’ என்பதில் நிறம் ஒரு பொருளோடு ஒப்பிடப்படுகிறது. ‘தேன் தட் ஆஃப் தி சாம்பிள்’ என எழுதினால் நிறம் நிறத்தோடு ஒப்பிடப்படும்.
• ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகிய இலத்தீன் வழிச் சொற்களுக்குப் பின் ‘தேன்’ வராது, ‘டு’ வரும்.

படித்துப் புரிந்துகொள்ளும் முறை

ஒப்பீட்டு வாக்கியம் ஒன்றைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் உதவும். முதலாவது, ஒப்பீட்டு வடிவம் கொண்ட சொல் பெயரடையா, வினையடையா? இரண்டாவது, அது எந்தப் பொருளைப் பற்றியது? மூன்றாவது, எதனோடு ஒப்பிடப்படுகிறது? ‘தேன்’ இல்லாவிட்டாலும் ஒப்பிடப்படும் பொருள் ஒன்று இருந்தே தீரும்; ‘லாங்கர் ஸ்லீவ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது முந்தைய சாம்பிளை விடவா, அளவுப் பட்டியலை விடவா என்று கேட்க வேண்டும். நான்காவது, வாக்கியம் நிலையைக் கூறுகிறதா, மாற்றத்தைக் கேட்கிறதா?

தேர்வுத்தாளில் இக்கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும். தொழிற்சாலையில் சில சமயம் விடை பையரிடம் மட்டுமே இருக்கும். அதைக் கேட்டு எழுதும் மடலில், ஒப்பிடப்படும் இரு பொருள்களையும் வேண்டிய மாற்றத்தையும் முழு வாக்கியமாக எழுதினால் பதிலும் தெளிவாக வரும்.